‘ஆல்’ விகுதியும் ‘இஃப்’ என்னும் சொல்லும்

வீட்டிலே தமிழ், தெருவிலே அந்தந்த நாட்டு மொழி, காகிதத்திலே ஆங்கிலம் என்ற முறையில் நம்மில் பலருடைய வாழ்க்கை நடந்து வருகிறது. மும்பையில் இருப்பவர் மராத்தியையும், கொல்கத்தாவில் இருப்பவர் வங்காளியையும் கடைத்தெருவிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார். ஆனால் வங்கியிலிருந்தும், சேமநிதி அலுவலகத்திலிருந்தும், ரயில்வே நிர்வாகத்திலிருந்தும் வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அரசியலமைப்புச் சட்டம் ஆங்கிலத்துக்கு முதலில் 15 ஆண்டுக் காலமே வரையறுத்திருந்தது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், 1965-க்குப் பிறகும் அது தொடர்ந்து வழங்க இடமளித்தது. ஆகவே அந்த மொழியின் நுட்பங்கள் சிலவற்றையேனும் அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது. அவற்றுள் தலையாயது நிபந்தனை வாக்கியம். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று சொல்லும் வாக்கியத்தையே அப்படிச் சொல்லுகிறோம்.

இலக்கணத்துக்குள் நுழையுமுன் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற அனுமதி வேண்டுகிறேன். திருவனந்தபுரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் காட்டாக்கடை என்ற ஊர் இருக்கிறது. நெய்யாற்று அணைக்குச் செல்பவர்கள் அதன் வழியாகச் செல்வதுண்டு. அங்கிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று போனால் களியக்காவிளையில் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே வீட்டில் பாட்டி தமிழிலும் பேத்தி மலையாளத்திலும் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் மத்திய அரசின் காகிதங்களோடு காலந்தள்ளும் நான், சில ஆண்டுகள் காட்டாக்கடையில் வாடகைக்குக் குடியிருந்தேன்.

ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு பழைய உறையைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் வடநாட்டு நகரம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கேயே காலமானவர்.

“தம்பி, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லும். பெட்டியிலே வேறு எதையோ தேடினேன், இது கிடைத்தது. பயன் இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிடலாம்” என்றார்.

“எப்போது வந்தது, அக்கா?”

“எட்டு மாதம் ஆகிறது. வந்த அன்றைக்கே மகள் வாசித்தாள். எல்லாம் முடிந்துபோன சங்கதி என்று சொல்லிவிட்டாள்.”

கணவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பற்றி, அவர் வேலை செய்த இடத்திலிருந்து வந்த கடிதம் அது. அதில் முக்கியமான வாக்கியம் ஒன்றுதான்: ‘இஃப் யூ சப்மிட்டட் தி சர்டிபிகேட், திஸ் ஆபீஸ் வுட் ரீகன்சிடர் தி கிளெய்ம்.’ வாரிசுச் சான்றிதழை அனுப்பினால் கோரிக்கையை மறுபடியும் பரிசீலிப்போம் என்பது அதன் பொருள். அதாவது வழி திறந்தே இருந்தது. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் நன்றாகப் படித்துவந்த அந்தப் பெண், ‘சப்மிட்டட்’ என்ற இறந்தகாலச் சொல்லைக் கண்டதும், ‘நீங்கள் அப்போதே சமர்ப்பித்திருந்தால் நாங்கள் பரிசீலித்திருப்போம்’ என்று பொருள் கொண்டுவிட்டாள். ‘எட்’ என்று முடிந்தால் இறந்தகாலம் என்பது பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. விதியை அவள் மறக்கவில்லை. நினைவில் வைத்திருந்ததனாலேயே தவறினாள். எட்டு மாதம் அந்தக் கடிதம் பெட்டிக்குள் கிடந்தது. அந்த ஆண்டு அவள் கல்லூரியில் சேரவுமில்லை.

இத்தகைய பிழை யாருக்கும் நேரக்கூடியது. இது நேராமல் இருப்பதற்கு வேண்டிய சாதனம் தமிழிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்தேன்’ என்பதில் உள்ள அதே ‘வந்த்’ இதிலும் இருக்கிறது. படித்தேன், படித்தால், போனேன், போனால், ஓடினேன், ஓடினால். எந்த வினையை எடுத்தாலும், அதன் இறந்தகால வடிவத்தின்மேல் ‘ஆல்’ என்ற விகுதி சேர்ந்தே நிபந்தனைச் சொல் பிறக்கிறது. ஆயினும் ‘நாளை நீ வந்தால்’ என்று கேட்கும்போது, இது நடந்து முடிந்த வரவு என்று தமிழர் எவரும் மயங்குவதில்லை. மலையாளமும் இவ்வாறே ‘வந்நு’ என்பதிலிருந்து ‘வந்நால்’ என்று ஆக்கிக்கொள்கிறது. வரின், செய்யின் என்று ‘இன்’ விகுதி பெறுகிற இன்னொரு வடிவமும் நம்மிடம் உண்டு. நன்னூலார் ‘செயின்’ என்னும் இந்த வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடு சேர்த்து எண்ணுகிறார். ஆக, நிபந்தனையில் சொல்லின் வடிவம் வேறு, அது குறிக்கும் காலம் வேறு என்பது நமக்குப் புதிதன்று. ‘இஃப் யூ சப்மிட்டட்’ என்பதிலும் ஆங்கிலம் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது. வேற்றுமை என்னவென்றால், தமிழ் எல்லா நிபந்தனைக்கும் இறந்தகால வடிவத்தைக் கொள்ளுகிறது. ஆங்கிலமோ சிலவற்றுக்கு மட்டும் கொள்ளுகிறது. எவற்றுக்கு என்பதை அறிந்தால் போதும்.

ஆங்கில ஆசிரியர்கள் நிபந்தனை வாக்கியங்களை வழக்கமாக நான்கு வகையாகப் பிரித்து, ஐந்தாவதாக ஒரு கலப்பு வகையையும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, என்றும் மாறாத உண்மையைக் கூறுவது. இதை ‘ஜீரோ கண்டிஷனல்’ என்பர். ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும். இரண்டு பாதியிலும் நிகழ்காலமே வரும். தமிழில் ‘உருகும்’ என்பது வழக்கமான செயலையும் குறிக்கும், நாளை நடக்கப்போவதையும் குறிக்கும். ஆதலால் நம்மவர் இங்கே ‘வில்’ என்ற சொல்லைத் தேவையின்றிச் சேர்த்துவிடுகிறார்கள். எப்போதும் நடப்பதைச் சொல்லுகிறோமா, ஒருமுறை நடக்கப்போவதைச் சொல்லுகிறோமா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் நீங்கும்.

இரண்டாவது, நடக்கக்கூடிய எதிர்காலத்தைக் கூறுவது. இதற்கு ‘ஃபர்ஸ்ட் கண்டிஷனல்’ என்று பெயர். ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஐ வில் ஸ்டே அட் ஹோம்.’ நாளை மழை பெய்தால் வீட்டிலேயே இருப்பேன். நிபந்தனைப் பாதியில் நிகழ்காலம், விளைவுப் பாதியில் ‘வில்’. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று சொல்லுவது பிழை. ஆனால் ‘இஃப் யூ வில் கைண்ட்லி சைன் ஹியர்’ என்று ஓர் எழுத்தர் கேட்டால், அது பிழையாகாது. அங்கே ‘வில்’ என்பது எதிர்காலத்தைக் குறிக்காமல், ‘தங்களுக்கு மனமிருந்தால்’ என்ற மரியாதையைக் குறிக்கிறது.

மூன்றாவதே நம்முடைய பெண் தடுக்கி விழுந்த இடம். ‘செகண்ட் கண்டிஷனல்’ என்ற இது, இப்போது இல்லாத ஒன்றையோ, நடப்பது அரிது என்று எழுதுபவர் கருதும் ஒன்றையோ கூறுவது. ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் ஹெல்ப் யூ.’ நிபந்தனைப் பாதியில் இறந்தகால வடிவம், விளைவுப் பாதியில் ‘வுட்’. காலம் நிகழ்காலமோ எதிர்காலமோதான். ‘என்னிடம் பணம் இல்லை, ஆகவே உதவ இயலவில்லை’ என்பது உட்கருத்து. ‘ஐ வாஸ்’ என்று வரவேண்டிய இடத்திலும் இவ்வகை வாக்கியத்தில் ‘வேர்’ என்று எழுதுவதே செம்மையான வழக்கு: ‘இஃப் ஐ வேர் இன் யுவர் பிளேஸ்.’ நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்பது பொருள்.

இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் தனி வினைவடிவம் இல்லை. ‘பணம் இருந்தால் தருவேன்’ என்பது, பையைத் துழாவிப் பார்க்கப்போகிறவனின் வாக்கியமாகவும் இருக்கலாம், வெறும் பையை உடையவனின் வாக்கியமாகவும் இருக்கலாம். ஆனாலும் நம் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ‘இருந்தால் தரமாட்டேனா?’ என்று கேள்வியாக மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில், கையில் ஒன்றுமில்லை என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘வுட்’ வருகிற வாக்கியத்தைக் காணும்போதெல்லாம், ‘மாட்டேனா’ என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அது பொருந்தும்.

அலுவலகக் கடிதங்களில் இவ்வகைக்கு மற்றொரு பயனும் உண்டு. ‘அனுப்பினால் பரிசீலிப்போம்’ என்று உறுதியாகக் கூறுவதற்குப் பதிலாக, கொஞ்சம் விலகி நின்று அடக்கமாகக் கூற இதைக் கையாளுவார்கள். அந்த அம்மையாருக்கு வந்த கடிதத்தின் வாக்கியம் அத்தகையதே. அதில் இருந்தது மரியாதையும் எச்சரிக்கையும்தான், மறுப்பு இல்லை.

நான்காவது ‘தேர்ட் கண்டிஷனல்’. கடந்த காலத்தில் நடவாமற்போனதைக் கூறுவது இது. ‘இஃப் யூ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் சீன் யூ.’ நீ வந்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். வரவுமில்லை, பார்க்கவுமில்லை. இது கடினமானது என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழருக்கோ இதுவே எளியது. ‘வந்திருந்தால்’ என்பதில் ‘வந்து’ என்பதோடு ‘இரு’ சேர்ந்திருப்பதைப் போல, ஆங்கிலத்தில் ‘கம்’ என்பதோடு ‘ஹேட்’ சேர்கிறது. ‘பார்த்திருப்பேன்’ என்பதில் ‘பார்த்து’ என்பதோடு ‘இருப்பேன்’ சேர்ந்திருப்பதைப் போல, ‘சீன்’ என்பதோடு ‘வுட் ஹேவ்’ சேர்கிறது. தமிழில் ‘இரு’ வரும் இடங்களில் ஆங்கிலத்தில் ‘ஹேட்’, ‘ஹேவ்’ வரும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இவ்வகை வாக்கியத்தை அந்த எல்லைப் பகுதியில் அடிக்கடி கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் கேட்டிருந்தது; அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. ‘நெய்யாற்றின்கரையும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று இன்றும் முதியவர்கள் பேசிக்கொள்வதுண்டு. ‘இஃப் நெய்யாற்றின்கரை ஹேட் ஜாயின்ட் மெட்ராஸ், தி பார்டர் வுட் ஹேவ் மூவ்ட்.’ சேர்ந்திருந்தால் எல்லை நகர்ந்திருக்கும். சேரவில்லை, நகரவில்லை. ‘ஹேட்’ என்பதும் ‘வுட் ஹேவ்’ என்பதும் சேர்ந்து வந்தால், அந்தக் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஐந்தாவது கலப்பு வகை. நிபந்தனை கடந்த காலத்தில் இருக்கும், விளைவு இன்று இருக்கும். ‘இஃப் நெய்யாற்றின்கரை ஹேட் ஜாயின்ட் மெட்ராஸ் இன் 1956, மை சில்ட்ரன் வுட் ஸ்டடி தமிழ் நௌ.’ அன்று சேர்ந்திருந்தால் இன்று என் பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள். முன்பாதியில் ‘ஹேட்’ வருகிறது; பின்பாதியில் ‘ஹேவ்’ இல்லை, ‘வுட்’ மட்டும் வருகிறது. பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இந்த வகை மிகவும் வேண்டியது. ஊரைவிட்டு வந்தவர்களின் எண்ணங்களுள் பாதி இந்த வடிவத்திலேயே எழுகின்றன.

இந்த ஐந்தையும் ஒரே பொருளை வைத்துப் பழகினால் விரைவில் கைவரும். நெய்யாற்று நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரைக் கால்வாய், முன்பு விளவங்கோட்டு வயல்களுக்கும் தண்ணீர் தந்தது. 2004-ஆம் ஆண்டில் கேரளம் அதை நிறுத்தியது. பிறகு அது இரு மாநிலங்களுக்கிடையே வழக்கானது. அந்தக் கால்வாய்க்கரையில் ஓர் உழவர் நிற்பதாகக் கொள்ளுவோம். தண்ணீர் தவறாமல் வந்த காலத்தில், ‘வென் தி வாட்டர் கம்ஸ், வீ பிளான்ட்’ என்றோ, ‘இஃப் தி வாட்டர் கம்ஸ், வீ பிளான்ட்’ என்றோ அவர் கூறியிருப்பார். அது வழக்கம். வரும் என்று நம்பும் நாளில், ‘இஃப் தி வாட்டர் கம்ஸ், வீ வில் பிளான்ட்’ என்பார். வராது என்று தெரிந்தபின், ‘இஃப் தி வாட்டர் கேம், வீ வுட் பிளான்ட்’ என்பார். பருவம் தவறிப்போனபின், ‘இஃப் தி வாட்டர் ஹேட் கம், வீ வுட் ஹேவ் பிளான்டட்’ என்பார். அறுவடைக் காலத்தில் வெறும் வயலைப் பார்த்து, ‘இஃப் தி வாட்டர் ஹேட் கம், வீ வுட் ஹேவ் ரைஸ் நௌ’ என்பார். இக்கடைசி வாக்கியத்தில் வரும் ‘ஹேவ்’ துணைச்சொல்லன்று, ‘நம்மிடம் இருக்கும்’ என்ற முழுப்பொருளை உடைய வினை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, கடிதங்களில் ‘இஃப்’ என்ற சொல் மறைந்திருக்கும் இடங்களையும் அறிந்துகொள்ளுதல் நலம். ‘ஷுட் யூ நீட் ஹெல்ப்’ என்றால், உதவி வேண்டியிருந்தால் என்பது பொருள். ‘ஹேட் யூ அப்ளைட் இன் டைம்’ என்றால், உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால் என்பது பொருள். கேள்விக்குறி இல்லாமையால் இவை கேள்விகள் அல்ல என்று தெளியலாம். ‘ப்ரொவைடட் தட்’ என்பது, இன்னது நிறைவேறினால் மட்டுமே என்னும் கண்டிப்பைக் குறிக்கும். ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ என்ற எதிர்மறை அடங்கியிருக்கிறது. ஆகவே ‘அன்லெஸ் யூ சப்மிட் தி ஃபார்ம்’ என்றாலே படிவத்தைச் சமர்ப்பிக்காவிட்டால் என்று பொருள். ‘அன்லெஸ் யூ டோன்ட் சப்மிட்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

எந்தக் கடிதத்திலும் ‘இஃப்’ என்ற சொல்லைக் கண்டால், உடனே வாக்கியத்தின் மறுபாதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘வில்’ இருந்தால், செய்யவேண்டியதைச் செய்தால் காரியம் நடக்கும். ‘வுட்’ மட்டும் இருந்தால், தயக்கத்தோடு கூறினாலும் வழி அடைபடவில்லை. அல்லது உள்ள நிலைமைக்கு மாறான ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘வுட் ஹேவ்’ என்பதோடு வேறு ஒரு வினையும் வந்தால் மட்டுமே, அந்தச் சந்தர்ப்பம் கடந்துவிட்டது. இதற்கு ஒரு விலக்கும் உண்டு: பழங்கதை சொல்லும்போது, ‘மழை பெய்தால் திண்ணையில் உட்காருவார்’ என்பது போன்ற முன்னாள் வழக்கத்தையும் ‘வுட்’ குறிக்கும். கதைகளில் அதைக் காணலாம்; அலுவலகக் கடிதங்களில் அது அரிது.

நேயர்கள் பின்வரும் ஐந்து வாக்கியங்களையும் முதலில் தாமே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, பிறகு விடைகளோடு ஒப்பிடவேண்டும்.

1. இரும்பை நீரில் போட்டால் மூழ்கும்.
2. நீங்கள் நாளை வந்தால் காகிதத்தைத் தருவேன்.
3. எனக்கு மராத்தி தெரிந்தால் நானே படித்துக்கொள்ளமாட்டேனா?
4. அவர் முன்பே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.
5. சிறுவயதில் இந்தி கற்றிருந்தால் இன்று இங்கே தொல்லைப்படமாட்டேன்.

விடைகள் வருமாறு:

1. இஃப் யூ புட் அயர்ன் இன் வாட்டர், இட் சிங்க்ஸ்.
2. இஃப் யூ கம் டுமாரோ, ஐ வில் கிவ் யூ தி பேப்பர்.
3. இஃப் ஐ நியூ மராத்தி, ஐ வுட் ரீட் இட் மைசெல்ஃப்.
4. இஃப் ஹி ஹேட் டோல்ட் மீ ஏர்லியர், ஐ வுட் ஹேவ் கம்.
5. இஃப் ஐ ஹேட் லேர்ன்ட் ஹிந்தி அஸ் எ சைல்ட், ஐ வுட் நாட் ஸ்ட்ரகிள் ஹியர் டுடே.

இனி அந்த அம்மையாரின் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதத்தில் கடைசித் தேதி எதுவும் குறிப்பிட்டிருக்கவில்லை. சான்றிதழை வாங்கி அனுப்பினோம். தாமதத்துக்குக் காரணம் கேட்டு இரண்டு முறை எழுதினார்கள். இரண்டு முறையும் பதில் எழுதினோம். பணம் வந்துசேர மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்தப் பெண் இரண்டு ஆண்டு பிந்திக் கல்லூரியில் சேர்ந்தாள். சேருவதற்கு முன்னால் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, “மாமா, இது சரியா என்று பாருங்கள்” என்றாள். ‘இஃப் ஐ ஹேட் ரெட் தி லெட்டர் கேர்ஃபுல்லி, மை மதர் வுட் நாட் ஹேவ் வெயிட்டட்’ என்று எழுதியிருந்தாள். கடிதத்தைக் கவனமாகப் படித்திருந்தால் அம்மா காத்திருக்க நேர்ந்திராது என்று பொருள். இலக்கணப்படி வாக்கியம் முற்றும் சரியாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, அதன் கீழே ‘வில்’ வருமாறு இன்னொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். சற்று யோசித்து, ‘இஃப் அனதர் லெட்டர் கம்ஸ், ஐ வில் ரீட் இட் ட்வைஸ்’ என்று எழுதினாள். இன்னொரு கடிதம் வந்தால் இரண்டு முறை படிப்பேன் என்றாள்.

நேயர்களிடமும் நான் வேண்டுவது அதுவே. புரியாத கடிதம் வந்தால் இரண்டு முறை படியுங்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால், அறிந்தவரிடம் காட்டுங்கள். நம் குறைகளை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தெரிவிக்கும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு அளித்திருக்கிறது. ஆகையால் விளக்கம் கேட்டு எழுதத் தயங்கவேண்டியதில்லை. பெட்டிக்குள் பழைய கடிதம் ஏதேனும் கிடக்குமாயின், இன்றைக்கே எடுத்து அதன் மறுபாதியைப் படித்துப் பாருங்கள்.